ஐயாவின் நன்னூலும் ஒரு நோர்வேச் சொல்லும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டி எழுதியபோது, விடுதி வாழ்வைப் பற்றி எழுதுவதென்றே முதலில் எண்ணினோம். ஆனால் விடுதிச் சாம்பாரின் நீர்மை குறித்து எமக்கு முந்திய பழைய மாணவர் கூறாது விட்டது யாதும் இல்லை என்பதை முன்னைய மலர்களைப் புரட்டியபோது கண்டோம். ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். அப்பொருள் ஒரு சொல். தமிழ்ச் சொல்லன்று, ஆங்கிலச் சொல்லுமன்று, நோர்வே நாட்டுச் சொல். அதற்கும் இந்துக் கல்லூரி மலருக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. தமிழ் வகுப்பிலே தொகைநிலைத் தொடரை மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்து வாயிலைக் கடந்ததும் அதனை மறந்தோர் எம்மிடையே பலர். எமக்கு அவ்விலக்கணம் மீண்டும் வேண்டியதாயிற்று; அதுவும் குடும்பத்தின் நிலமும் தம்பியின் வாழ்வும் அதனைப் பற்றி நின்ற ஒரு வேளையில்.

1980-ஆம் ஆண்டின் முற்பகுதியில் தம்பியின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேற்புறத்தில் இடைவெளி யாதுமின்றி 13 எழுத்துக்கள் ஒரே கோவையாய் அச்சிடப்பட்டிருந்தன. வாய்விட்டு வாசித்தால் 'ஃபொல்கெஹேக்ஸ்கூலெ' என ஏறக்குறைய ஒலிக்கும். நடுவே நின்ற ஓர் எழுத்து ஆங்கில 'ஓ' வடிவின் மேல் குறுக்குக் கோடு கிழித்தது போன்றிருந்தது. தபாற்காரர் போன பின்னர் எம் ஐயா அதனை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்து நெடுநேரம் பார்த்து, "பிழையென்று வெட்டின எழுத்தை அப்படியே அச்சடிச்சுப் போட்டாங்களோ?" என்றார். அது வெட்டிய எழுத்தன்று. 'ஓ'வுக்கும் 'ஏ'க்கும் இடையே ஒலிப்பதான அந்நாட்டு உயிரெழுத்து.

தம்பியின் நிலையை இங்கே சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். உயர்தரப் பரீட்சையில் அவன் நன்றாகவே சித்தியெய்தியிருந்தான். எனினும் 1970-களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியிற் புகுந்த தரப்படுத்தலும் அதனைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் எத்தனையோ யாழ்ப்பாணத்து மாணவரைப் போல அவனையும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டன. மறுமுறை தோற்றினான், மறுமுறையும் சில புள்ளிகளால் வாய்ப்பிழந்தான். இதற்கிடையில் 1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று; அதே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறிற்று. இருபது வயது இளைஞன் ஒருவன் மாலையிற் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனால், அவன் திரும்பி வந்து படலையைத் திறக்கும் ஒலி கேட்கும்வரை அம்மா அடுப்படியை விட்டு அசையாள். அவனை எங்கேனும் அனுப்பிவிட வேண்டுமென்பதில் எமக்கு ஐயமிருக்கவில்லை. எங்கே, எவ்வாறு, எதனை விற்று என்பனவே வினாக்கள்.

நோர்வே என்னும் தேசம் யாழ்ப்பாணத்தவர்க்கு முற்றிலும் அயலானதன்று. 1956-இல் அங்கே சென்ற அந்தோனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியாலும் நோர்வே அன்பர்களின் உதவியாலும் 1960-களில் உருவான சீநோர் நிறுவனத்தை அறியாதார் இலர். காரைநகரில் அதன் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இருந்தன. 'சீநோர்' என்பதே ஒரு தொகைதான்: 'சிலோன்' என்பதன் தலையும் 'நோர்வே' என்பதன் தலையும் ஒட்டிப் பிறந்தது. 'சிலோனும் நோர்வேயும்' என விரிதலால் உம்மைத்தொகை. அது தன்னைக் குறியாது ஒரு நிறுவனத்தைக் குறித்தலால் உம்மைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. இவ்விளக்கம் எம்முடையதன்று, ஐயாவினது. கிராமத்துச் சைவப் பாடசாலையில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற அவருக்குச் சந்தையிற் காணும் பெயர்ப்பலகைகளையும் இவ்வாறு பகுத்துப் பார்த்தாலன்றி வீடு திரும்ப மனம் வராது.

அந்நாட்டின் பெயரும் அத்தகையதே. வடக்கைக் குறிக்கும் 'நோர்ட்ர்' என்னும் பழஞ்சொல்லும் வழியைக் குறிக்கும் 'வேகர்' என்னும் பழஞ்சொல்லும் புணர்ந்து வந்தது அது. கடலோடிகள் கரையோரமாக வடதிசை நோக்கிச் சென்ற மார்க்கத்தின் பெயர் நாளடைவிலே நாட்டின் பெயராயிற்று. தமிழிற் சொல்வதானால் 'வடவழி'. வடக்கு என்பது ஈற்றெழுத்துக் கெட்டு 'வட' என நிற்பதற்கு நன்னூலில் விதி உண்டென ஐயா உடனே கூறினார். வடமராட்சியிற் பிறந்த அம்மா, "அப்ப எங்கட பக்கத்துச் சனம்தான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே சென்றார்.

இனி, எமது குற்றத்துக்கு வருவோம்.

கடிதத்தோடு ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு விளக்கப் பத்திரம் ஒன்றும் இருந்தது. உறையைப் பிரித்தவர் நாமே. பத்திரத்தை முதலில் வாசித்தவரும் நாமே. அதில் இரு செய்திகள் தெளிவாக இருந்தன. இப்பள்ளியில் ஓராண்டளவே படிப்பு. மாணவர் அனைவரும் அங்கேயே தங்கியிருத்தல் வேண்டும். இது முதலாவது. பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, பட்டமும் இல்லை. இது இரண்டாவது. பரீட்சையையே வாழ்வின் தராசாகக் கொண்ட எமது சமூகத்திலே, அதிலும் ஓர் ஆசிரியர் வீட்டிலே, பரீட்சையில்லாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதற்காகத் தோட்டத் தரையை ஒற்றி வைக்குமாறு கேட்பது எவ்வாறு? பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டோம்.

ஐயா கேட்டார்: "மோனை, இதிலை 'ஸ்கூல்' எண்டு கிடக்குது. அதுக்கு முன்னாலை கிடக்கிறது 'ஹை'யோ? உயர்தரம் பாஸ் பண்ணினவன் திரும்பவும் ஹைஸ்கூலுக்குப் போறதோ?"

ஐயாவின் ஐயம் நியாயமானதே. ஹைஸ்கூல் என்னும் ஆங்கிலத் தொடர் எம்மவர்க்குப் பழக்கமானது. சைவ பரிபாலன சபையாரின் ஆதரவில் வண்ணார்பண்ணையில் 1890-இல் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியே ஆதியில் 'இந்து ஹைஸ்கூல்' எனவன்றோ வழங்கிற்று? ஆயினும் நோர்வே மொழியில் அவ்விரு சொற்களும் கூடினால் வேறு பொருள் தரும் என்பது பத்திரத்தை வாசித்த எமக்குத் தெரிந்திருந்தது. அங்கே 'ஹேக்ஸ்கூலெ' என்பது இடைநிலைப் பள்ளியன்று. அதற்கு மேற்பட்ட உயர்கல்வி நிலையம். ஜெர்மானியர் 'ஹோக்ஷூலெ' என்பதும் இதுவே. உறுப்புக்கள் ஒன்றாயிருந்தும் ஆங்கிலத் தொகை ஒரு திசையிலும் நோர்வேத் தொகை மற்றொரு திசையிலும் சென்றுவிட்டன. இவ்வுண்மையை ஒரு கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "அது ஹைஸ்கூல் இல்லை, ஐயா; உயர்கல்லூரி. யுனிவர்சிற்றி மாதிரி" என்றோம்.

"அப்ப முன்னுக்கு நிக்கிற 'ஃபொல்கெ'?"

"அது ஊர்ப்பெயர், ஐயா. கொக்குவில் இந்துக் கல்லூரி எண்டு சொல்லுறது போல."

இப்பொய் எம் நாவில் எவ்வாறு எழுந்தது என்பதை இன்று நினைக்கினும் நாணமாயிருக்கின்றது. ஐயா தலையை அசைத்தார். நன்னூற் காண்டிகையுரையை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் புறப்பட்டார். ஒரு கிழமை வரையில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்கிடையில் ஒற்றிக்குத் தரை கொடுப்பது பற்றி அயலவர் ஒருவரோடு அவர் கதைத்ததாகவும் கேள்வியுற்றோம்.

எட்டாம் நாள் மாலையில் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எம்மை அழைத்தார். உறையை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். அந்நெடுஞ்சொல்லின் கீழே, சிறிய எழுத்தில், தபால் இலக்கத்தோடு ஊரின் பெயர் தனியே அச்சிடப்பட்டிருந்தது.

"ஊர் இங்கை கீழை இருக்குது. அப்ப மேலை இருக்கிறது ஊர் இல்லை." சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு மேலும் சொன்னார்: "தொகையிலை உருபு மறையலாம், மோனை. சொல் மறையாது."

அவர் குரலிலே சினம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

மறுநாட் காலையிற் சைக்கிளிற் புறப்பட்டுப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குச் சென்றோம். படகுத் தளத்திலே நோர்வே நாட்டவரோடு சில காலம் வேலை செய்து, அவர்கள் மொழியிற் சிறிது பழகிய அன்பர் ஒருவர் அங்கே எமக்குப் பழக்கம். அவர் சொல்லை வாசித்துச் சிரித்தார். 'ஃபொல்க்' என்றால் சனங்கள் என்றார். இடையிலே வரும் எகரம் என்ன பொருளுடையது என்று கேட்டோம். "அதுக்கு ஒரு பொருளுமில்லை, இரண்டு பலகையை ஒட்டப் பசை பூசிறது போல" என்றார். படகு கட்டுபவர் வேறெவ்வாறு கூறுவார்?

ஐயாவிடம் இதனைக் கூறியபோது அவர் முகம் மலர்ந்தது. பொருளற்று நின்று இரு சொற்களை இணைக்கும் அவ்வெழுத்து எமக்குத் தெரிந்த சாரியையே அன்றோ? புளி என்பதும் பழம் என்பதும் நேரே கூடா. இடையே 'அம்' வந்து புளியம்பழம் ஆகின்றது. பனையும் காயும் கூடிப் பனங்காய் ஆவதும் அவ்வாறே. பனையோடு அட்டு என்னும் சொல் சேர்ந்தால் யாது நிகழும் என்பதற்குத் தொல்காப்பியர் தனியே ஒரு விதி வகுத்திருக்கின்றார். எம் வளவிற் பாயிற் காயும் பனாட்டுக்கு அத்துணைப் பழைய இலக்கண உரிமை உண்டு. உலகின் மறுகோடியிலுள்ள பனிநாட்டவர்க்கும் தம் சொற்களை ஒட்டுதற்கு ஒரு பசை வேண்டியிருந்தது என்பது அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நாம் கூறிய பொய்யை அம்மகிழ்ச்சி மறக்கச் செய்துவிடும் என நம்பினோம். அவர் மறக்கவில்லை.

"சரி, 'மக்கள்' வந்துவிட்டினம். மக்களுக்கு உயர்கல்லூரி ஏன்? போய்ப் படிச்சுக்கொண்டு வா" என்றார்.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் இரண்டு நாள் இருந்தோம். அங்கிருந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தையும் பெரிய அகராதியையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டவற்றின் சாரம் இது. 1783-இல் டென்மார்க்கிற் பிறந்த குருண்ட்விக் என்பவர் கிறித்தவ மதகுரு, கவிஞர், பழைய வடபுல இலக்கியங்களை ஆராய்ந்தவர். அந்நாளைய இலத்தீன் பள்ளிகளிலே பிள்ளைகள் மனனமும் பரீட்சையுமாக வாடுவதைக் கண்டு, இவை சாவுக்கான பள்ளிகள் எனச் சாடினார். குடியானவரின் பிள்ளைகள் சில மாதம் ஒன்றாகத் தங்கி, தாய்மொழியிலே, நூலினாலன்றி உயிருள்ள வாய்ச்சொல்லினாலே கற்கும் உயர்பள்ளி ஒன்று வேண்டுமென எழுதினார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றிலே ஆசிரியரும் மாணவரும் கூடி வாழ்வதைக் கண்டமையும் அக்கருத்துக்கு உரமாயிற்று. அத்தகைய முதற்பள்ளி 1844-இல் ரொடிங் என்னுமிடத்தில் எழுந்தது. நோர்வேயில் முதலாவது, ஹாமார் நகரிலே 1864-இல் தோன்றிய சாகாத்தூன். அங்கும் பரீட்சை இல்லை என்பதே அவற்றின் தனிச்சிறப்பு.

கொப்பியை மூடியதும் எம் சட்டைப் பையில் ஒரு கிழமைக்கு மேலாக மடிந்து கிடந்த பத்திரம் நினைவுக்கு வந்தது. அன்றிரவு அதனையும் கொப்பியையும் ஒருங்கே ஐயாவின் முன் வைத்தோம்.

அவர் பத்திரத்தை ஆறுதலாக வாசித்தார். அரிக்கன் இலாம்பின் திரியைச் சற்றே உயர்த்தி மறுபடியும் வாசித்தார். பின்னர் கொப்பியை எடுத்தார். "இதை எப்ப வாசிச்சனி?" என்று மட்டும் கேட்டார். "கடிதம் வந்த அன்றைக்கே" என்றோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த மூன்று நாளும் தோட்டத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார், எம்மோடு கதைக்கவில்லை. தம்பியோ இதெல்லாம் தனக்குப் புறம்பான ஒரு வழக்குப் போலப் படலையடியில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் இரவு, உணவு முடிந்து வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பற்றி ஐயா கேட்டார். அதில் அகராதியிலிருந்து சொற்பிறப்பு எழுதியிருந்தோம். 'ஃபொல்க்' என்பது பழைய நோர்ஸ் மொழியிலே மக்களையும் குறித்தது, போருக்கு அணிவகுத்த படையையும் குறித்தது. "படை தேய்ந்து சனமாச்சுதோ? நல்லதுதான்" என்றார் ஐயா. 'ஸ்கூலெ' என்பதன் பிறப்பு அவரை இன்னும் நெடுநேரம் பிடித்து வைத்தது. அது இலத்தீன் 'ஸ்கோலா' வழியாகக் கிரேக்க மொழியின் 'ஸ்கோலே' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அக்கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் ஓய்வு. வயிற்றுப்பாட்டு வேலை இல்லாத பொழுதிலே கூடி உரையாடியதால், ஓய்வின் பெயர் உரையாடலுக்கும், உரையாடலின் பெயர் அது நிகழ்ந்த இடத்துக்கும் ஆகிவந்தது.

ஐயா வெற்றிலையைக் கையிலேயே வைத்திருந்தார். "பள்ளி எண்டால் என்ன?" என்று எம்மிடம் வினவினார். பள்ளிக்கூடம் என்றோம். "கூடத்தை விடு. பள்ளி?" பள்ளியறை, பள்ளியெழுச்சி என்பன நினைவுக்கு வந்தன, துயிலுமிடம் என்றோம். "ஓம். படுக்கிற இடம். பிறகு சமண முனிவர் தங்கின இடம். அவை அங்கை இருந்து பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தபடியால் படிக்கிற இடம். நன்னூல் செய்த பவணந்தியும் சமணர்தானே?" என்றார். கிரேக்கர் ஓய்விலிருந்தும் தமிழர் துயிலிடத்திலிருந்தும் புறப்பட்டு ஒரே பொருளை வந்தடைந்திருக்கின்றனர். இரண்டிலும் பரீட்சை இல்லை என்பதை அவர் வாய்விட்டுக் கூறவில்லை. ஆயினும் எண்ணினார் என்றே கருதுகின்றோம். ஐயா தம் சிறுபிராயத்திலே திண்ணையில் மணல் பரப்பி விரலால் எழுதிப் பயின்றவர். அங்கே அவருக்குப் புள்ளியிட்டவர் எவருமிலர்.

பின்னர் அவர் அச்சொல்லை எடுத்துக்கொண்டார். முதலில் எவ்விடத்திற் பிரிப்பது என்பதே வினா. 'மக்கள் உயர்வு' என முன்னிரண்டையும் சேர்த்துப் பின் பள்ளியோடு கூட்டினால் ஒரு பொருள். 'உயர்பள்ளி' எனப் பின்னிரண்டையும் முதலிற் கூட்டி அதன்பின் மக்களைச் சேர்த்தால் வேறு பொருள். பிந்தியதே முறை என்றார். அப்பாகம் முடிந்தது. மக்களும் உயர்பள்ளியும் சேருமிடத்தில் மறைந்திருக்கும் வேற்றுமை எது? தொக்க சொற்கள் இரண்டு முதல் ஏழு வரையில் பொருள்பட மயங்கும் என நன்னூலார் கூறுவதை நாமும் படித்திருந்தோம். ஐயா விரல்விட்டு விரித்தார். மக்களால் நடத்தப்படும் உயர்பள்ளியோ? மக்களுக்கென ஒருவர் நடத்துவதோ? மக்களினின்றும் எழுந்ததோ? மக்களது உடைமையோ? மக்களிடத்தே நிகழ்வதோ? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளி. சில பள்ளிகள் பிள்ளையை அனுப்பத் தகுந்தவை, சில தகாதவை. குருண்ட்விக் எதனை எண்ணினார் என்பது ஒன்று. இன்று அங்கே இருப்பது எது என்பது வேறொன்று.

அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த வேற்றுமை எண்டாலும் பிள்ளை உயிரோடை இருப்பானோ?" என்று அங்கிருந்தபடியே கேட்டார்.

எவரும் மறுமொழி கூறவில்லை. வெகுநேரத்தின் பின் ஐயா, "உருபு எதெண்டு அங்கை போய்ப் பார்த்து அவன் எழுதட்டும்" என்றார். அடுத்த கிழமை ஐந்து பரப்புத் தோட்டத் தரை ஒற்றிக்குப் போயிற்று. வெங்காயத்துக்குப் பேர்போன செம்மண் தரை அது. நொத்தாரிசின் மேசையிற் கையொப்பமிட்டு வெளியே வந்தபோது, "ஒற்று ஒண்டைக் கண்டுபிடிக்க ஒற்றி ஒண்டு" என்று தமக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டார். இலக்கண ஆசிரியர்களின் நகைச்சுவை இத்தன்மைத்தே.

1980 ஆவணியிலே தம்பி சென்றான். 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இத்தகைய பள்ளிகளின் வாயிலாகவே நோர்வேயை அடைந்தனர். அவர்களிற் பலரைப் போலவே அவனும் பின்னர் வடகோடி மீன் தொழிற்சாலை ஒன்றிற் சில காலம் நின்றான். ஆனால் அது பிந்திய கதை. முதற் கடிதம் ஐப்பசியில் வந்தது. குளிரையும் உணவையும் பற்றி அம்மாவுக்கு ஒரு பக்கம். ஐயாவுக்குத் தனியாக அரைப் பக்கம். அதிபரும் மாணவரும் ஒரே மேசையில் உண்பதாகவும், முறை வைத்து எல்லோரும் கோப்பை கழுவுவதாகவும், கழுவும்போது அதிபர் தனக்கு ஒரு பாட்டுக் கற்பித்ததாகவும், வகுப்பறையிற் கற்றதைவிட அங்கே கற்ற நோர்வே மொழியே மிகுதியென்றும் எழுதியிருந்தான். கடைசி வரி: "ஐயா, ஏழாம் வேற்றுமை."

ஐயா அக்கடிதத்தை நன்னூலுக்குள், வேற்றுமைத்தொகை கூறும் பக்கத்தில் வைத்தார். ஏழாம் வேற்றுமை இடப்பொருளது என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். பழைய மாணவர்களுக்கு அது வேண்டியதில்லை எனக் கூற எமக்குத் துணிவில்லை.

மறு ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு பொதுசன நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நாம் இரண்டு நாள் இருந்த அவ்வுசாத்துணை மேசையும், குருண்ட்விக் பற்றிய பக்கமும், பள்ளியின் பிறப்பைக் கூறிய அகராதியும் அவற்றோடு போயின. எம்மிடம் கொப்பி இருந்தது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிற் புறப்பட்டுக் கைதடி வழியாகத் தென்மராட்சிக்குச் சென்றபோது, ஐயாவைச் சைக்கிளின் பின் இருக்கையில் வைத்துத் தள்ளிச் சென்றோம். மழை. அவர் மடியில் இருந்தது நன்னூல். கொப்பி வீட்டிலேயே தங்கிவிட்டது. நாம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. கொப்பியைத் தேடுதல் மடமை. ஐயா திரும்பி வரவில்லை. சாவகச்சேரியை அடுத்த ஓர் உறவினர் வீட்டிலே அடுத்த ஆண்டு காலமானார்.

இக்கட்டுரையை இப்போது எழுதத் தூண்டியவள் தம்பியின் கடைசி மகள். அவள் நோர்வேயிற் பிறந்தவள். கிழமை நாட்களில் அந்நாட்டுப் பள்ளியிலும் சனிக்கிழமைகளிற் தமிழ்ப் பள்ளியிலும் படித்து வந்தாள். சில ஆண்டுகளின் முன் தொலைபேசியில் ஒரு முறைப்பாடு சொன்னாள். "பெரியப்பா, ரெண்டு பள்ளிக்கூடத்திலையும் எனக்கு ஒரே பிழைக்குத்தான் சிவப்பு மை." விளங்கச் சொல்லுமாறு கேட்டோம். நோர்வே மொழியிலே தொகையாகச் சேர்த்து எழுத வேண்டிய சொல்லைப் பிரித்து எழுதுதல் பெரும்பிழை. அதற்கு அந்நாட்டு ஆசிரியர் யாவரும் கூறும் ஓர் உதாரணம் உண்டாம். 'லம்மெலோர்' எனச் சேர்த்தெழுதினால் ஆட்டுக்குட்டியின் தொடை இறைச்சி; 'லம்மெ லோர்' எனப் பிரித்தெழுதினால் வாதத்தால் விளங்காமற் போன தொடைகள். சைவ உணவினராகிய எமக்கு இரண்டுமே உவப்பானவையல்ல. எனினும் உதாரணம் சிறந்தது. தமிழ்ப் பள்ளியிலோ அவள் யானைத் தந்தத்தாற் செய்த பலகையைத் 'தந்த பலகை' என எழுதிவிட்டாள். பகர ஒற்று இட்டால் தந்தத்தாலான பலகை. இடாவிட்டால் யாரோ கொடுத்த பலகை. ஓரிடத்தில் இடைவெளி மிகுந்தது, மற்றோரிடத்தில் ஒற்றுக் குறைந்தது, நோய் ஒன்றே. சேர்ந்து நிற்க வேண்டியவை சேரவில்லை.

அவளுக்கு ஐயாவின் கதையைக் கூறினோம். எம் பொய்யையும் மறைக்காமற் கூறினோம். "ஊர்ப்பெயர் எண்டு சொன்னீங்களோ, பெரியப்பா?" என்று கேட்டு நெடுநேரம் சிரித்தாள்.

கல்லூரிப் படிப்பை முடித்த அவள், பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டைத் தன் தந்தை படித்தது போன்ற பள்ளியிலே கழிக்க விரும்பினாள். அனுமதி கிடைத்ததும் கடிதத்தைப் படம் பிடித்து எமக்கு அனுப்பினாள். இக்காலத்துக் கடிதமாதலால் வண்ண இலச்சினை உண்டு. காகிதமும் உண்டோ இல்லையோ தெரியவில்லை. தலைப்பிலே அதே 13 எழுத்துக்கள், நடுவே கோடு கிழித்த அதே உயிரெழுத்து. அதன் கீழே, சிறிய எழுத்தில், ஊரின் பெயர் தனியே இருந்தது. அதனைச் சுற்றி அவள் சிவப்பு மையால் ஒரு வட்டம் இட்டிருந்தாள்.